எத்தனை விலான், எத்தனை மரம்? எம்எஸ்டிபி ஓர் அறிமுகம்

2002 நவம்பரில் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் படுத்துவிட்டது. ஏறக்குறைய நான்கு நாட்கள் மருந்துச் சீட்டு, ஆய்வகக் கோரிக்கை எல்லாம் காகிதத்துக்குத் திரும்பின. வெளியிலிருந்து யாரும் தாக்கவில்லை. வருடக்கணக்கில், கணினிகளை இணைக்கும் பெட்டியான சுவிட்சைச் சுவிட்சோடு சுவிட்சாகச் சேர்த்துக்கொண்டே போனதில், லூப் (தரவு வட்டமாகச் சுற்றும் வழி) விழாமல் காக்கும் ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு தாங்கக்கூடிய அளவைத் தாண்டி அந்த நெட்வொர்க் வளர்ந்திருந்தது. பெரிய அளவில் தரவு பாய்ந்த ஒரு நாளில் அந்த மரம் குலைந்தது, லூப் விழுந்தது, எல்லாம் நின்றது.

சுவிட்சுகள் பேசும் கேபிள் நெட்வொர்க் முறையான ஈதர்நெட்டில் லூப் என்றால் ஏன் இவ்வளவு ஆபத்து? ஐபி பாக்கெட்டுக்குள் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும், பூஜ்யமானதும் பாக்கெட் தூக்கியெறியப்படும். சுவிட்சுகள் கடத்தும் தரவுப் பொதியான ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. மூன்று சுவிட்சுகளை வட்டமாக இணைத்து, எல்லோருக்கும் போகும் ஒரு ப்ராட்காஸ்ட் ஃபிரேமை உள்ளே விட்டால், அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுவிட்சும் அதை மற்ற எல்லாப் போர்ட்டிலும் நகலெடுத்து அனுப்பும். அடுத்தடுத்து வரும் ப்ராட்காஸ்டும் சேர்ந்து சுற்ற, சில நொடிகளில் இணைப்புகள் நிரம்பிவிடும். ஒரே மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) இப்போது இந்தப் போர்ட்டில், அடுத்த கணம் அந்தப் போர்ட்டில் என்று தெரிவதால் சுவிட்சின் முகவரி அட்டவணையும் குழம்பும். அந்த நேரத்தில் சுவிட்சுக்குள் லாகின் செய்வதே பெரும்பாடு.

அதற்காக மாற்று இணைப்பே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. ஒரே கேபிளை நம்பினால் அது போன அன்று எல்லாம் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் வகுத்தார். அதுதான் ஸ்பேனிங் ட்ரீ புரோட்டோகால், சுருக்கமாக எஸ்டிபி. 1990-இல் தரநிலைகளை வகுக்கும் ஐட்ரிபிள்ஈ அமைப்பு அதை 802.1டி என்ற தரநிலையாக்கியது.

அது செய்யும் வேலை சின்னதுதான். சுவிட்சுகள் பிபிடியு என்ற சிறு செய்திகளைத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஓர் அடையாள எண் உண்டு: முன்னால் பிரயாரிட்டி (யாரும் மாற்றாவிட்டால் 32768), பின்னால் மேக் முகவரி. எண் யாருக்கு மிகக் குறைவோ அந்தச் சுவிட்ச் ரூட். மற்ற ஒவ்வொரு சுவிட்சும் ரூட்டுக்குப் போகச் செலவு குறைந்த ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும். லூப் உண்டாக்கக்கூடிய மீதிப் போர்ட்டுகள் தடுக்கப்பட்டுக் காத்திருக்கும். ஓடும் இணைப்பு அறுந்தால் காத்திருந்தது திறக்கும். பழைய எஸ்டிபியில் இப்படித் திறக்க 30 முதல் 50 வினாடி வரை ஆகும். 2001-இல் வந்த 802.1டபிள்யூ, அதாவது ஆர்எஸ்டிபி, பக்கத்துச் சுவிட்சோடு நேரடியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. நன்றாக அமைந்த நெட்வொர்க்கில் அந்தக் காத்திருப்பு ஒரு வினாடிக்கும் கீழே வந்துவிட்டது.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே நெட்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். நடுவில் கோர்-1, கோர்-2 என்று இரண்டு பெரிய சுவிட்சுகள், இரண்டுக்கும் இடையில் ஓர் இணைப்பு. கீழே மாடிக்கு மாடி, கட்டடத்துக்குக் கட்டடம், பயனாளர் கணினிகளைச் சொருகும் 40 அக்சஸ் சுவிட்சுகள். ஒவ்வொரு அக்சஸ் சுவிட்சிலிருந்தும் கோர்-1-க்கு ஒரு கேபிள், கோர்-2-க்கு ஒரு கேபிள். மொத்தம் 200 விலான்கள், அதாவது ஒரே சுவிட்சுகள், கேபிள்களின் மேல் தனித்தனியாக ஓடும் 200 மெய்நிகர் நெட்வொர்க்குகள். ஒரு பெரிய கல்லூரியிலோ மருத்துவமனையிலோ இது சாதாரணமான அமைப்பு.

இதில் ஒரே ஒரு மரம் ஓடினால் என்ன ஆகும்? கோர்-1 ரூட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அக்சஸ் சுவிட்சும் கோர்-1 பக்கம் போகும் கேபிளைத் திறந்து வைத்து, கோர்-2 பக்கம் போகும் கேபிளைத் தடுத்துவிடும். 80 கேபிளில் 40 சும்மா கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய கோர்-2, கோர்-1 எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

சுவிட்ச் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம் இதற்கு ஒரு தீர்வு கொண்டுவந்தது: விலானுக்கு ஒரு மரம். பிவிஎஸ்டி பிளஸ் என்பது அதன் பெயர், வேகமான வடிவம் ரேபிட் பிவிஎஸ்டி பிளஸ். 100 விலானுக்குக் கோர்-1 ரூட், மற்ற 100 விலானுக்குக் கோர்-2 ரூட் என்று பிரித்துவிட்டால் எல்லாக் கேபிளும் வேலை செய்யும். ஒரு கேபிள் ஒரு பாதி விலான்களுக்குத் தடுக்கப்பட்டிருக்கும், மறுபாதிக்குத் திறந்திருக்கும். நல்ல தீர்வுதான்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 விலான் என்றால் 200 மரம். ஒவ்வொரு மரத்துக்கும் 2 வினாடிக்கு ஒரு பிபிடியு, ஒவ்வொரு ட்ரங்க்கிலும் (பல விலான்களைச் சேர்த்துக் கடத்தும் இணைப்பு). கோர்-1 தன் 40 ட்ரங்க்கிலும் சேர்த்து வினாடிக்கு 4000 பிபிடியு அனுப்ப வேண்டும். ஒரு கேபிள் அறுந்தால் 200 மரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். சுவிட்சின் சிபியு அவ்வளவு பலமானது கிடையாது. ஃபிரேம்களைக் கடத்துவது அதற்கென்று செய்த சிப், சிபியு இந்த மாதிரி நிர்வாக வேலைக்குத்தான். பிபிடியு சரியான நேரத்தில் கிளம்பாமலோ வந்து சேராமலோ போனால், எதிர்ப்பக்கம் இணைப்பு போய்விட்டது என்று நினைத்து, தடுத்து வைத்திருந்த போர்ட்டைத் திறந்துவிடும். அதாவது, லூப்பைத் தடுக்க வைத்த ஏற்பாடே பாரம் தாங்காமல் லூப்பை உண்டாக்கும்.

சரி, அந்த 200 மரமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவையா? இல்லை. கோர்-1-ஐ ரூட்டாகக் கொண்ட 100 மரமும் அச்சு அசலாக ஒன்றுதான். கோர்-2-இன் 100 மரமும் அப்படியே. ஒரே கணக்கை நூறு தடவை போட்டு, ஒரே விடையை நூறு தடவை எழுதிவைத்துக்கொண்டிருக்கிறோம். ஊருக்குள் இருநூறு எண்ணில் பேருந்து ஓடலாம், ஆனால் ஆற்றைக் கடக்கப் பாலம் இரண்டுதான் என்றால், எந்தப் பேருந்து எந்தப் பாலம் என்று சொன்னால் போதும். பேருந்துக்கு ஒரு பாலம் கட்ட வேண்டியதில்லை.

மல்டிப்பிள் ஸ்பேனிங் ட்ரீ புரோட்டோகால், சுருக்கமாக எம்எஸ்டிபியின் அடிப்படை இதுதான். நெட்வொர்க்கில் எத்தனை விதமான வழி இருக்கிறதோ அத்தனை மரம் போதும். நம் உதாரணத்தில் இரண்டு. விலான்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து அந்த மரங்களின் மேல் ஏற்றிவிடலாம். 2002-இல் 802.1எஸ் என்ற பெயரில் இது வந்தது, பிறகு விலான்களுக்கான 802.1கியூ தரநிலையோடு சேர்க்கப்பட்டது. வேகமாகத் திறந்து மூடும் முறையை ஆர்எஸ்டிபியிடமிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவே எம்எஸ்டிபி ஓடுகிற இடத்தில் ஆர்எஸ்டிபியின் வேகமும் கூடவே கிடைக்கும்.

இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் இன்ஸ்டன்ஸ் என்று பெயர். விலான் 1 முதல் 2000 வரை இன்ஸ்டன்ஸ் 1, விலான் 2001 முதல் 4094 வரை இன்ஸ்டன்ஸ் 2 என்று ஓர் அட்டவணை எழுதுகிறோம். ஒரு விலான் ஒரே ஓர் இன்ஸ்டன்ஸில்தான் இருக்க முடியும், ஓர் இன்ஸ்டன்ஸில் எத்தனை விலானும் இருக்கலாம். இன்ஸ்டன்ஸ் 1-க்குக் கோர்-1-இன் பிரயாரிட்டியை 24576 என்று குறைத்து வைத்தால் அது அங்கே ரூட். இன்ஸ்டன்ஸ் 2-க்கு அதையே கோர்-2-இல் செய்கிறோம். எதிர்த் தரப்புக் கோருக்கு 28672 கொடுத்தால் அது இரண்டாவது ஆளாகத் தயாராக நிற்கும். பிரயாரிட்டி 4096-இன் மடங்காக மட்டுமே இருக்க முடியும் என்பதை நினைவில் வையுங்கள். சுவிட்சில் பார்க்கும்போது 24576 என்று கொடுத்த இடத்தில் 24577 என்று காட்டும், புதிதாகப் பார்ப்பவர் திகைப்பார். பிரயாரிட்டியோடு இன்ஸ்டன்ஸ் எண்ணையும் கூட்டிக் காட்டுகிறது, அவ்வளவுதான். இன்ஸ்டன்ஸ் 2-இல் 24578 என்று தெரியும்.

இந்த இரண்டு மரத்துக்கும் தனித்தனி பிபிடியு போகாது. 2 வினாடிக்கு ஒரே ஒரு பிபிடியு போகும். அதற்குள் ஒவ்வோர் இன்ஸ்டன்ஸுக்கும் 16 பைட்டில் ஒரு சிறு பதிவு ஒட்டிக்கொண்டிருக்கும்: அந்த மரத்தின் ரூட் யார், அங்கே போக என்ன செலவு, இன்னும் எத்தனை ஹாப் (சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குத் தாவல்) மிச்சம் என்பவை. கோர்-1 வினாடிக்கு அனுப்பிய 4000 பிபிடியு இப்போது 20 ஆகிவிட்டது.

ஹாப் என்றதும் பாஸ்டன் கதைக்கு ஒரு நிமிடம் போகலாம். பழைய எஸ்டிபியில் செய்தியின் வயதை நேரக் கணக்கில் எண்ணுவார்கள், இயல்பான நேர அமைப்புகளோடு ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடுவே 7 சுவிட்ச் வரைதான் பரிந்துரை. அந்த மருத்துவமனை நெட்வொர்க் அதைத் தாண்டிப் போயிருந்தது. எம்எஸ்டிபி தன் எல்லைக்குள் ஹாப் எண்ணிக்கையை வைத்துக்கொள்கிறது. ரூட் 20 என்று ஆரம்பிக்கும், ஒவ்வொரு சுவிட்சும் ஒன்றைக் குறைக்கும், பூஜ்யத்துக்கு வந்த செய்தி தள்ளப்படும். ஐபியின் டிடிஎல் செய்வதைப் போன்ற ஒரு வேலை, கட்டுப்பாட்டுச் செய்திக்கு மட்டும்.

இதுவரை எல்லாம் லாபம். இதற்கு நாம் கொடுக்கும் விலை ஒன்று உண்டு, அதைப் புரிந்துகொள்வதுதான் எம்எஸ்டிபியில் முக்கால்வாசி. விலான் 350 இன்ஸ்டன்ஸ் 1-இல் இருக்கிறது என்று கோர்-1 நினைத்து, இன்ஸ்டன்ஸ் 2-இல் இருக்கிறது என்று ஓர் அக்சஸ் சுவிட்ச் நினைத்தால் என்ன ஆகும்? ஒரே விலானுக்கு ஒருவர் ஒரு கேபிளைத் திறப்பார், மற்றவர் வேறொன்றைத் திறப்பார். லூப் விழும், அல்லது விலான் துண்டாகும். ஆகவே அட்டவணை எல்லாச் சுவிட்சிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். அப்படி ஒத்துப்போகிற, ஒன்றோடொன்று இணைந்த சுவிட்சுகளின் கூட்டம்தான் ரீஜன்.

ஒரே ரீஜன் என்று இரண்டு சுவிட்சுகள் எப்படித் தெரிந்துகொள்கின்றன? மூன்று விஷயம் ஒன்றாக இருக்க வேண்டும். முதலாவது, ரீஜனுக்கு நாம் வைக்கும் பெயர், 32 எழுத்து வரை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. இரண்டாவது, ரிவிஷன் எண். இதை நாம்தான் மாற்ற வேண்டும், தானாக ஏறாது. மூன்றாவது, விலான் அட்டவணை. 4096 வரிசை கொண்ட அட்டவணையை ஒவ்வொரு பிபிடியுவிலும் அனுப்ப முடியாது. அதனால் அந்த அட்டவணையைப் பிழிந்து 16 பைட் டைஜெஸ்ட் ஒன்றை உண்டாக்கி அதை மட்டும் அனுப்புவார்கள். ஒரு விலான் இடம் மாறினாலும் டைஜெஸ்ட் முற்றிலும் வேறாகிவிடும்.

பிரச்சினை வரும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த டைஜெஸ்டைத்தான். சிஸ்கோவில் 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ எம்எஸ்டி கான்ஃபிகரேஷன் டைஜெஸ்ட்' என்றால் காட்டும், மற்ற நிறுவனச் சுவிட்சுகளிலும் இதற்கு ஒரு வழி இருக்கும். அது 'ஏசி36177எஃப்' என்று ஆரம்பித்தால், அந்தச் சுவிட்சில் யாரும் அட்டவணையே எழுதவில்லை என்று அர்த்தம். எல்லா விலானும் இன்ஸ்டன்ஸ் 0-இல் கிடக்கும் தொடக்க நிலைக்கு உரிய டைஜெஸ்ட் அது, எந்த நிறுவனத்தின் சுவிட்சானாலும் ஒன்றேதான்.

இன்ஸ்டன்ஸ் 0 என்று இப்போதுதான் சொல்கிறேன். அதை நாம் உருவாக்குவதில்லை, அழிக்கவும் முடியாது. ரீஜனுக்குள் இதற்கு ஐஎஸ்டி என்று பெயர். நாம் வேறு இன்ஸ்டன்ஸுக்கு மாற்றாத விலான் எல்லாம் இதில்தான் இருக்கும். பிபிடியுவின் முக்கியப் பகுதி இதற்குச் சொந்தம், இன்ஸ்டன்ஸ் 1-உம் 2-உம் அதில் ஒட்டிக்கொண்டு போகிற பதிவுகள்தாம். வெளியுலகத்தோடு பேசுவதும் இது ஒன்றுதான். ரீஜனுக்கு வெளியே பழைய எஸ்டிபி ஓடும் சுவிட்சோ வேறு ரீஜனோ இருந்தால், அவை எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய மரத்துக்குச் சிஐஎஸ்டி என்று பெயர். அந்த மரத்தின் பார்வையில் நம் ரீஜன் முழுவதும், உள்ளே 42 சுவிட்ச் இருந்தாலும், ஒரே ஒரு சுவிட்ச். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே தெரியாது. அதனால்தான் இன்ஸ்டன்ஸ் 0-க்கும் ரூட்டை நாமே தீர்மானித்து வைக்க வேண்டும். பயனாளர் விலான்கள் 1-லும் 2-லும்தானே இருக்கின்றன என்று இதை விட்டுவிட்டால், எங்கோ மூலையில் கிடக்கும் பழைய சுவிட்ச் குறைந்த மேக் முகவரியின் பலத்தில் ரூட்டாகிவிடும்.

இப்போது ஒரு தவறை நடத்திப் பார்ப்போம். புதிதாக வந்த ஓர் அக்சஸ் சுவிட்சில் ரீஜன் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது. நெட்வொர்க் விழுமா? விழாது. அந்தச் சுவிட்ச் தனி ரீஜனாகிவிடும். அதன் பார்வையில் கோர்-1-உம் கோர்-2-உம் சேர்ந்து ஒரே சுவிட்ச், அந்த ஒரே சுவிட்சுக்குத் தன்னிடமிருந்து இரண்டு கேபிள் போகிறது. ஒன்றைத் திறக்கும், மற்றொன்றை எல்லா விலானுக்கும் தடுக்கும். எல்லையில் இருக்கும் போர்ட்டில் இன்ஸ்டன்ஸ்களுக்குத் தனிக் குரல் கிடையாது, இன்ஸ்டன்ஸ் 0 எடுத்த முடிவே எல்லாவற்றுக்கும். பயனாளர் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஒரு கேபிள் நிரம்பி வழிய, மறு கேபிள் காலியாக இருக்கும். சத்தமில்லாத இந்த மாதிரிப் பிழைதான் மாதக்கணக்கில் கண்ணில் படாமல் இருக்கும்.

இதே காரணத்தால், ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் பகல் நேரத்தில் அட்டவணையைத் தொடாதீர்கள். ஒரு சுவிட்சில் மாற்றிய கணத்தில் அது ரீஜனைவிட்டு வெளியேறும். அடுத்ததில் மாற்றினால் அதுவும் வெளியேறும். 42 சுவிட்சிலும் மாற்றி முடிக்கும்வரை மரங்கள் திரும்பத் திரும்பக் கணக்கிடப்படும். முதல் நாளே 4094 விலானையும் பிரித்து எழுதிவிடச் சொல்வது இதற்காகத்தான். இல்லாத விலானையும் இன்ஸ்டன்ஸில் சேர்த்துவைக்கலாம், தடையில்லை. நாளை விலான் 350-ஐப் புதிதாக உருவாக்கினால், அது ஏற்கெனவே இன்ஸ்டன்ஸ் 1-இல் காத்திருக்கும், டைஜெஸ்ட் மாறாது. ஒற்றைப்படை விலான் இங்கே, இரட்டைப்படை அங்கே என்றும் சிலர் பிரிப்பார்கள். அட்டவணை நீண்டுபோய்ப் படிக்கச் சிரமமாகும் என்பதால் எனக்குத் தொடர் வரிசையே பிடிக்கும். உங்கள் விலான்கள் எல்லாம் 2000-க்குக் கீழேயே இருந்தால் வெட்டும் இடத்தை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இன்ஸ்டன்ஸ் 2 காலியாகவே ஓடும்.

பிவிஎஸ்டி பிளஸ்ஸிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் விழும் குழி இன்னொன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு ட்ரங்க். முதல் ட்ரங்க்கில் விலான் 10 மட்டும் அனுமதி, இரண்டாவதில் விலான் 20 மட்டும். விலானுக்கு ஒரு மரம் என்ற உலகத்தில் இதில் பிரச்சினையே இல்லை. விலான் 10-க்கு ஒரே வழி, விலான் 20-க்கு ஒரே வழி, லூப்பே கிடையாது, எதையும் தடுக்க வேண்டியதில்லை. இப்போது எம்எஸ்டிபிக்கு மாறுகிறோம், விலான் 10-உம் 20-உம் ஒரே இன்ஸ்டன்ஸில் இருக்கின்றன. ட்ரங்க்கில் எந்த விலானை அனுமதித்தோம் என்பது மரத்துக்குத் தெரியவே தெரியாது. பிபிடியு விலான் குறி இல்லாமல் இரண்டு கேபிளிலும் போகிறது. இரண்டு சுவிட்ச், இரண்டு கேபிள், ஆகவே லூப் என்று அது முடிவு செய்து இரண்டாவது கேபிளைத் தடுக்கும். விலான் 20 அத்தோடு செத்தது. கேபிள் சரியாக இருக்கும், போர்ட்டில் விளக்கு எரியும், அனுமதிப் பட்டியலும் சரியாக இருக்கும், ஆனால் பிங் போகாது.

இதற்குத் தீர்வு இரண்டு. ஓர் இன்ஸ்டன்ஸில் உள்ள எல்லா விலானையும் அந்த இன்ஸ்டன்ஸின் மரம் போகக்கூடிய எல்லா ட்ரங்க்கிலும் அனுமதிப்பது ஒன்று. விலான் 10-ஐயும் 20-ஐயும் வேறு வேறு இன்ஸ்டன்ஸில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய கேபிளில் செலவைக் குறைத்து வைப்பது மற்றொன்று. முதலாவதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாவதில் ஒரு கேபிள் அறுந்தால் அதன் விலானுக்கு மாற்று வழி கிடையாது, அப்புறம் இரண்டு கேபிள் போட்டதற்கே பொருள் இல்லை.

எல்லோருக்கும் இது தேவையா என்றால், இல்லை. ஐந்தாறு சுவிட்ச், நாலைந்து விலான் உள்ள அலுவலகத்துக்கு ஆர்எஸ்டிபி போதும். இரண்டு கோர் சுவிட்சையும் ஒன்றுபோல் நடக்கவைத்து, இரண்டு கேபிளையும் ஒரே கட்டாகப் பிணைக்கும் வசதி உங்கள் சுவிட்சில் இருந்தால், தடுக்கப்பட்ட கேபிளே இருக்காது. அங்கே ஸ்பேனிங் ட்ரீ ஒரு பாதுகாப்பு வலையாக மட்டும் ஓடும். பெரிய டேட்டா சென்டர்கள் வேறு தொழில்நுட்பங்களுக்குப் போய்விட்டன. எம்எஸ்டிபி உண்மையில் கைகொடுப்பது பல நிறுவனங்களின் சுவிட்சுகள் கலந்து கிடக்கும் பெரிய வளாகங்களில்தான். அது பொதுத் தரநிலை என்பதால் எல்லோருக்கும் அந்த மொழி தெரியும். அரிஸ்டா நிறுவனத்தின் சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சொருகினால் அதில் எம்எஸ்டிபிதான் முதலிலேயே ஓடிக்கொண்டிருக்கும், சிஸ்கோ கேட்டலிஸ்டில் விலானுக்கு ஒரு மரம் ஓடிக்கொண்டிருக்கும்.

பழையதிலிருந்து மாறுவதாக இருந்தால் கோரிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் இரண்டு கோரிலும் பெயர், ரிவிஷன், அட்டவணை எழுதி, 0, 1, 2 மூன்றுக்கும் பிரயாரிட்டி வைத்து, அதன் பிறகு எம்எஸ்டிபியை இயக்குங்கள். மாறாத அக்சஸ் சுவிட்சுகள் பழைய முறையில் பேசிக்கொண்டிருக்கும். சிஸ்கோ கோர் என்றால் அந்த எல்லையில் இன்ஸ்டன்ஸ் 0-இன் தகவலையே எல்லா விலானுக்கும் நகலெடுத்துச் சொல்லும். இந்த இடைக்காலத்தில் எந்த ஒரு விலானுக்கும் பழைய பக்கத்தில் உள்ள சுவிட்ச் ரூட்டாகிவிடக் கூடாது. அப்படி ஆனால் கோர் அந்தப் போர்ட்டையே முரண் என்று சொல்லித் தடுத்துவிடும். ஆகவே கோர்களின் இன்ஸ்டன்ஸ் 0 பிரயாரிட்டி, பழைய சுவிட்சுகளில் எந்த விலானுக்கும் வைத்திருப்பதைவிடக் குறைவாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகு அக்சஸ் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒவ்வொன்றை மாற்றியதும் அதன் டைஜெஸ்டைக் கோரின் டைஜெஸ்டோடு ஒப்பிட்டு, கோர்-1 பக்கக் கேபிள் இன்ஸ்டன்ஸ் 1-க்கும் கோர்-2 பக்கக் கேபிள் இன்ஸ்டன்ஸ் 2-க்கும் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த சுவிட்சில் கை வையுங்கள்.